மலையேறிய பனியன் மெத்தை

குன்னூரில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் திருப்பூர்க்காரர்கள் முகத்தில் ஒரு சின்னப் பொறாமை வந்து போகும். "குடுத்து வெச்சவங்க அக்கா நீங்க. ஃபேனே வேண்டாமுங்களே!" என்பார்கள். ஃபேன் வேண்டாம்தான். ஆனால் துவைத்துப் போட்ட உள்பாவாடை காய நாலைந்து நாள் ஆகும், இட்லி மாவு பொங்காது, பால் வாங்கப் போனாலும் படியேறித்தான் ஆகவேண்டும் என்று நான் ஆரம்பித்தால் அதெல்லாம் அவர்கள் காதில் ஏறாது. அவர்கள் பார்த்த மலை வேறு. சித்திரை வெயிலில் பஸ் பிடித்துப் போய், பூங்காவில் நின்று போட்டோ எடுத்து, ஒரு பாக்கெட் வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடுகிற மலை அது. ஐப்பசி மழையில் அங்கே பாய் விரித்துப் படுத்துப் பார்த்தால்தான் சேதி தெரியும்.

மலையில் இருப்பது நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் கேட்கிறார்கள். எனக்கு ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு கட்டிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்குத் திருப்பூர் நெருப்பெரிச்சலில் ரைசிங் மெஷினில் வேலை. குளிர்காலச் சட்டைத் துணியின் உள்பக்கத்தைக் கம்பிப் பல்லால் வருடி, மெத்துமெத்தென்று பஞ்சு எழுப்புகிற மெஷின் அது. வெளிநாட்டில் யாரோ இதமாகப் போட்டுக்கொள்ள எழுப்பிய அந்தப் பஞ்சில் கொஞ்சம் துணியில் நிற்காமல் காற்றில் பறக்கும். வேலை முடிந்து வரும்போது அவருக்குப் புருவம், மீசை, காதோரம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். கல்யாணமான புதிதில் "கெழவர் வந்துட்டாருங்கோ" என்று கேலி செய்வேன். கேலி செய்து செய்தே அவருக்கு நிஜமாக நரைத்துவிட்டது. வெளியே படிந்த பஞ்சைத் துண்டால் தட்டிவிட்டோம். உள்ளே போனது உள்ளேயே தங்கிவிட்டது.

கடைசியில் ஒரு பேச்சை முழுதாகப் பேச அவருக்கு மூச்சு போதாமல் போயிற்று. "சோறு..." என்பார். நிற்பார், இழுத்து மூச்சு வாங்குவார். "போடு புள்ள" என்பது வெளியே வருவதற்குள் நான் தட்டையே வைத்துவிடுவேன். பேச்சானாலும் அப்படித்தான், அவர் தொடங்கியதை நான் முடித்துக் கொடுப்பேன். இந்தப் பொம்பளை அந்த மனுசனை வாயே திறக்க விடமாட்டேன் என்கிறாள் என்று எங்கள் லைன் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவர் பேச்சை நான் முடித்தது அதனால் அல்ல.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனி மெஷின் பக்கமே போகக்கூடாது. உங்க வீடும் கம்பெனிகளுக்கு நடுவுல இருக்கு. தூசி இல்லாத இடமா, மலைப்பக்கம் போய் இருந்து பாருங்க. சிலருக்கு அந்தக் குளிர் ஒத்துக்கும், சிலருக்கு ஒத்துக்காது. ஒரு மழைக்காலம் தாண்டட்டும். மூச்சு சரியானா அங்கேயே இருந்துக்கங்க. ஆகலைன்னா இறங்கி வந்துருங்க, வேற என்ன செய்யறதுன்னு பாக்கலாம்." அந்த 'வேற' என்ன என்று அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு மழைக்காலம்தான் பரீட்சை என்று மட்டும் புரிந்தது.

எனக்குப் போக இஷ்டமே இல்லை. அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் என்னுடையது. தலைக்கு மேலே ட்யூப்லைட், முன்னால் மலைபோல பீஸ்கள். ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. வலதுபக்கம் ஒடிசாப் பெண், இடதுபக்கம் மதுரைப் பக்கத்துக்காரி. ஆளுக்கொரு பாஷையில் ஒரே சூப்பர்வைசரைத் திட்டுவோம். டீ நேரத்தில் போண்டாவைப் பிய்த்துப் பங்கு வைப்போம். வெயிலும் இரைச்சலும் உப்புத் தண்ணீருமான ஊர்தான். ஆனாலும் அங்கே நான் ஒரு ஆள். அவர் மூச்சா என் டேபிளா என்று வந்தபோது யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். சூப்பர்வைசர் சின்னப் பையன், நல்லவன். "மழை முடியட்டுங்க அக்கா. உங்க எடத்துக்கு ஆள் போடாம வெச்சிருக்கறனுங்க" என்றான்.

இங்கேதான் மெத்தை வருகிறது. எங்களைப் போன்றவர்கள் திருப்பூரில் மெத்தை, தலையணை கடையில் வாங்குவது கிடையாது. சட்டை வெட்டியது போக மிஞ்சுகிற பனியன் துண்டு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அடுப்படியில் கைப்பிடித் துணி அதுதான், வண்டி துடைக்க அதுதான், தலையணைக்குள் அடைப்பதும் அதுதான். மலையில் குளிருமே என்று எங்கள் டேபிளே கூடி உட்கார்ந்து எனக்காகத் துண்டு பொறுக்கியது. சாயம் ஏறாத வெள்ளையாக, அதிலும் உள்ளே பஞ்சு எழுப்பிய மெத்துத் துண்டுகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினோம். ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற பெண் உறை தைத்தாள். "இன்னும் ரெண்டு கை அமுக்குங்கக்கா, மாமனுக்கு முதுகு குளிரப்படாது" என்று சொல்லிச் சொல்லி அடைத்தார்கள். கடைசித் தையலை நான் கையால் போட்டேன். வேன் டிரைவர் அதை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தபோது, பிறந்த வீட்டிலிருந்து சீர் எடுத்துப் போகிற மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குன்னூர் வீடு ரோட்டுக்குக் கீழே இருந்தது. அங்கெல்லாம் அப்படித்தான். ரோட்டுக்குச் சமமாக மேல்வீடு. அங்கே வீட்டின் சொந்தக்காரி, மேல்வீட்டம்மா. படியிறங்கினால் சரிவில் எங்கள் வீடு, முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை. பின்னறையின் சுவர் மண்ணோடு ஒட்டியிருந்தது. காற்று படாமல் கதகதப்பாக இருக்கும் என்று அந்தப் பின்னறையிலேயே தரையில் மெத்தையை விரித்தேன். அவருக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு லாட்ஜில், நாற்காலியில் உட்கார்ந்து சாவி கொடுத்து வாங்குகிற வேலை கிடைத்தது.

முதல் சில வாரம் அந்த மலையைக் குறைசொல்ல வாயே வரவில்லை. அவர் இருமல் குறைந்தது. நின்று நின்று ஏறிய படியை ஒரே ஒரு முறை மட்டும் நின்று ஏறினார். தண்ணீர் அவ்வளவு மெது. திருப்பூரில் போர் தண்ணீரில் எவ்வளவு சோப்பு போட்டாலும் நுரைக்காது. இங்கே தொட்டால் நுரை, அலசி முடிக்கத்தான் பாடு. அரப்புப் போட்டுக் குளித்தால் என் தலைமயிர் பட்டுப்போல ஆயிற்று. கேரட்டும் பீன்ஸும் மண் ஒட்டிக்கொண்டு வரும். சாயங்காலம் லாட்ஜிலிருந்து வந்து, "காத்து... நல்லாருக்குது புள்ள" என்பார். நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்பார். எனக்கு அது போதும்.

மற்றதெல்லாம் எனக்குப் போதவில்லை. முழங்கால் அந்தப் படிகளை மன்னிக்கவே இல்லை. எல்லாம் அமைதி, அப்படி ஒரு அமைதி! நிட்டிங் மெஷின் ஓடுகிற சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு அது காதை அடைத்தது. ஒருநாள் துணி காயப்போட வெளியே வந்தால் கொடிக்கு அந்தப்பக்கம் காட்டெருமை ஒன்று நின்று, இவள் யார் புதிதாக என்பதுபோல என்னைப் பார்த்தது. ஈரத்துணியோடு உள்ளே ஓடிவிட்டேன். வெளியே போட்டாலும் என்ன, அந்த மூடுபனியில் காயவா போகிறது? பனியனை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தேன். இட்லி மாவு பொங்காமல் கல்லாகக் கிடந்ததைப் பார்த்து மேல்வீட்டம்மா சிரித்தார். "பாத்திரத்துக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டு விடுங்கக்கா" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். நிஜமாகவே பழைய ஸ்வெட்டர் ஒன்று கொண்டுவந்து மாவுப் பானைக்குப் போட்டு, கையிரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் மாவு பொங்கியிருந்தது. ஊரை எனக்குப் பிடிக்காவிட்டாலும் அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. திருப்பூர் மழை வரும், அடிக்கும், போய்விடும். இந்த மழைக்குப் போகவே தெரியாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. தீக்குச்சி நமுத்தது. அவர் தோல் செருப்பில் பச்சை பூத்தது. இத்தனையும் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் மலையைத் திட்டினேன். அவர் மூச்சும் மறுபடி கெட்டது. காலையில் எழுந்திருக்கும்போதே நெஞ்சு விசில் அடிக்கும். பேச்சு மறுபடி துண்டு துண்டாயிற்று. கார்த்திகை தொடங்கும்போது திருப்பூரில் இருந்ததைவிட மோசம்.

இந்த ஊர் டாக்டர் மருந்தைக் கூட்டினார். எனக்கு ஒரே கோபம். இதற்காகவா அத்தனையையும் விட்டுவிட்டு வந்தோம்? "ஒத்துக்கலைங்க. குளிர் ஒத்துக்கலை. போலாம், நம்மூட்டுக்கே போலாம்" என்றேன். சொல்லும்போது அழுகையாகத்தான் வந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ லேசாயிற்று. கம்பெனி, டேபிள், போண்டா எல்லாம் கண்ணில் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி புள்ள" என்றார். அன்று சாயங்காலம் எனக்கே தெரியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் விளக்கினேன். சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். வேனுக்கும் சொல்லியாயிற்று.

கிளம்புகிற அன்று என்ன அதிசயமோ, பளிச்சென்று வெயில். மேல்வீட்டம்மா மூட்டை கட்ட ஒத்தாசைக்கு இறங்கி வந்தார். "மெத்தையை முதல்ல வெயில்ல போடுங்கக்கா, வேன் வர்றதுக்குள்ள கொஞ்சம் காயட்டும்" என்றார். என் வீட்டுக்காரரை வாசல் படியில் போர்வையோடு உட்கார வைத்துவிட்டு, நானும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். மெத்தை அசையவில்லை.

"என்னக்கா இது, கல்லு வச்சுத் தைச்சீங்களா?" என்றார் மேல்வீட்டம்மா.

ஒற்றைக் கையால் தூக்கி வேனில் போட்ட மெத்தை. இழுத்து இழுத்துத்தான் வாசலுக்குக் கொண்டுவந்தோம். திருப்பிப் போட்டோம். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது. நான் போட்ட தையலை நானே பிரித்தேன். குப்பென்று ஒரு வாசனை, கூடவே மேலாகக் காய்ந்திருந்த பஞ்சு பூஞ்சையோடு மாவாகப் பறந்தது. மேல்வீட்டம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் போனார்.

எனக்கு மூக்கை மூட வேண்டியிருக்கவில்லை, அந்த வாசனை நன்றாகத் தெரியும். கம்பெனியில் ஈரத்தோடு மூட்டை கட்டிய துணி அப்படித்தான் நாறும். அதைக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்! கப்பலில் போகிற அட்டைப்பெட்டி ஒவ்வொன்றிலும், ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் போட்டுத்தான் மூடுவோம். கடல் காற்றில் துணி பூத்துவிடக்கூடாதே. எங்கேயோ யாரோ போடப்போகிற சட்டைக்கு அவ்வளவு கவனம். என் வீட்டுக்காரர் முதுகுக்குக் கீழே, மண்சுவர் ஈரத்தைக் குடித்துக் குடித்து என்ன பூக்கிறது என்று ஒருநாள்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை. எந்தப் பஞ்சை விட்டு ஓடிவந்தோமோ அதையே உறைக்குள் அடைத்து, தையலும் போட்டு, மலைமேல் ஏற்றி, அதன்மேலேயே அவரைப் படுக்கவைத்திருக்கிறேன்.

"ஏனுங்க, இதப் பாத்தீங்களா? மலையில்லீங்க, இதுதானுங்க!" என்று கத்தினேன்.

அவர் படியில் உட்கார்ந்தபடியே மெத்தையைப் பார்த்தார். ஆச்சரியப்பட்ட முகமாகத் தெரியவில்லை.

"எனக்குத்... தெரியும் புள்ள" என்றார்.

"என்னங்க தெரியும்?"

"வாசம். கொஞ்ச நாளாவே... லாட்ஜுல உக்காந்திருந்தா... நல்லாத்தான் இருக்குது. இதுல... படுத்தாத்தான்..."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "ஊருக்குப் போலாம்னு சொன்னயே... அன்னைக்குத்தான் உன்ற மூஞ்சி... தெளிஞ்சுது. அதப் போயி..."

அங்கே நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. இத்தனை நாளும் அவர் பேச்சை முடித்துக் கொடுத்தவள், அந்த ஒன்றை மட்டும் முடிக்கவில்லை.

அப்புறம் வந்தது பாருங்கள் எனக்கு ஒரு ஆத்திரம். "மூச்சுக்குத் திண்டாடிட்டு எனக்குச் சந்தோசம் குடுக்கறீங்களா? யாருங்க கேட்டா? நீங்க போயிட்டா அந்த டேபிளை வெச்சுட்டு நான் என்னங்க பண்ணுவேன்? அதுல ஏறிப் படுத்துக்கட்டுமா?" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். மேல்வீட்டம்மா சமாதானம் செய்ய வந்தார், அவருக்கும் ரெண்டு திட்டு விழுந்தது. அந்த அம்மா அதைப் பொருட்படுத்தாமல் டீ போடப் போய்விட்டார். கத்தி முடித்து, அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் போர்வையின் ஒரு பக்கத்தை எடுத்து என் தோளில் போட்டார்.

வேனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெத்தையைக் கொளுத்திவிடலாம் என்றார் மேல்வீட்டம்மா. புகை வேறு எதற்கு என்று நானே துண்டு துண்டாக அள்ளிச் சாக்கில் கட்டி, குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். வெயில் இருந்த முன்னறைக்கு மாறினோம். அந்த அம்மா ஒரு இரும்புக் கட்டிலும் தேங்காய் நார் மெத்தையும் கொடுத்தார். கல்லில் படுத்த மாதிரிதான் இருந்தது. இருக்கட்டும் என்று படுத்தோம்.

ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடவில்லை. நாங்கள் பின்னறையில் இருந்த காலத்துக்கு நெஞ்சு வட்டியும் முதலுமாகக் கேட்டது. மார்கழியில் விறைக்கிற பனி. புல்லெல்லாம் வெள்ளையாகி, ரைசிங் மெஷினுக்குப் பக்கத்தில் பார்த்த பஞ்சுபோலவே கிடக்கும். ஆனால் விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. முதலில் காலையில் நின்றது, பிறகு படியில். மழைக்காலம் தாண்டிவிட்டது. டாக்டர் சொன்ன பரீட்சை முடிந்துவிட்டது.

தை மாதம் ஒருநாள் பால் வாங்க ரோட்டுக்கு ஏறியிருந்தபோது சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டான். எங்கள் வீட்டில் போன் பேசவேண்டுமென்றால் படியேறி ரோட்டுக்குத்தான் வரவேண்டும், கீழே சிக்னல் கிடையாது. "ஆர்டர் வந்துருச்சுங்க அக்கா. நீங்க வர்றீங்களா இல்லீங்களா? இனியும் எடத்தைக் காலியா வெக்க முடியாதுங்க" என்றான். பாவம், அவனும் எத்தனை நாள்தான் பொறுப்பான்? எதிரே தேயிலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் அது அழகாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆள் போட்டுக்க கண்ணு" என்றேன். "நல்ல வெளிச்சம் அந்த எடத்துல. கண்ணு நல்லாத் தெரியற புள்ளையாப் பாத்துப் போடு."

போனை இடுப்பில் செருகிவிட்டுத் திரும்பினால், என் வீட்டுக்காரர் படியேறி வந்து கடைசிப் படியில் நிற்கிறார். நான் பேசியதைக் கேட்டுவிட்டார் போல. வந்த வேகத்தில் ஆரம்பித்தார்:

"ஏம்புள்ள, எதுக்கு உன்ற டேபிளை உட்டுக்குடுக்கற, மறுபடியும் போனப் போட்டு அந்தத் தம்பிகிட்ட வர்றேன்னு சொல்லு, ஆர்டர் இருக்கற மாசத்துல நீ போயி வேலை பாத்துட்டு வா, நான் இங்க சோறாக்கித் தின்னுக்கறேன், கொழம்புக்கு மேல்வீட்டம்மா இருக்கறாங்க, எனக்கென்ன?"

அவர் என்ன சொன்னார் என்பது அப்போது என் மனசில் ஏறவே இல்லை. நடுவில் எங்கே நிற்பார், நாம் எடுத்து முடித்துக் கொடுக்கலாம் என்று என் வாய் வழக்கம்போலக் காத்துக்கொண்டிருந்தது. அவர் நிற்கவே இல்லை.

"என்ன புள்ள, காதுல உழுகுதா இல்லியா?" என்றார்.

"உழுகலீங்க" என்றேன். "மறுக்கா ஒருக்கா சொல்லுங்க."